இரண்டு பேர் மேசை

சீனி போதாவிட்டால் சொல்லும், பிள்ளை. இந்த வீட்டில் குறைவாகத்தான் போடுவது. உம்முடைய அப்பாவுக்குச் சலரோகம் தொடங்கியிருக்கிறது என்று கிளினிக்கில் சொன்ன நாளிலிருந்து நானும் குறைத்துக்கொண்டேன். ஒருவர் வெறுந்தேநீர் குடிக்க மற்றவர் இனிப்பாகக் குடிப்பது அழகில்லை.

அவர் இப்போது கிளினிக்கில்தான் இருக்கிறார். நாலு மணிக்குத்தான் வருவார். இப்போது இரண்டரை. முகாமிலிருந்து இன்று விட்டவுடன் நேரே இங்கே வந்திருக்கிறீர், களைப்பாக இருக்கும். கதிரையில் வசதியாக இரும். கடிதங்களைப் பற்றிக் கேட்டீர். அதற்குப் பதில் சொல்வதென்றால் இந்த மேசையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன். மனைவி கமலாசனி தொண்ணூற்றெட்டில் காலமானா. பிள்ளைகள் இல்லை. சமாதானம் வந்து பாதை திறந்த அடுத்த வருடம், கப்பலில் வேலை செய்த என் கூட்டாளி கனகலிங்கம் ஊருக்கு வந்து போக்கர் என்ற கடதாசி விளையாட்டைச் சொல்லித் தந்தார். அதுவரைக்கும் நாங்கள் முந்நூற்று நாலு என்ற ஆட்டம்தான் விளையாடுவோம். போக்கர் வேறு மாதிரி. ஆளுக்கு இரண்டு சீட்டு. அது அவரவருக்கு மட்டும். நடுவில் ஐந்து சீட்டு. அது எல்லோருக்கும் பொது. நல்ல சீட்டு இருக்கிறவர்தான் வெல்ல வேண்டும் என்றில்லை. கையில் ஒன்றும் இல்லாதவரும் முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொண்டு பந்தயத்தைக் கூட்டினால், எதிரில் இருக்கிறவர் பயந்து சீட்டை எறிந்துவிடுவார்.

இந்த முன்னறையில் ஆறு பேர் கூடுவோம். பின்னேரம் நாலு மணி தொடக்கம் ஏழு மணி வரை. விதிகளை நான்தான் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அதோ இருக்கிறது. காசு கூடாது என்பது முதலாவது. காசு வைத்தால் அது சூதாட்டச் சட்டத்துக்குள் போய்விடும், சந்தியில் பொலிசும் நிற்கிறது. அதனால் புளியங்கொட்டைதான். எறிந்த சீட்டைத் திரும்ப எடுக்கக் கூடாது. தன் முறைக்கு முன் வாய் திறக்கக் கூடாது. அடுத்தவர் சீட்டைப் பார்த்தால் ஒரு கிழமை மேசைக்கு வரக் கூடாது. ஐயாத்துரை ஒருமுறை பார்த்துவிட்டார். ஒரு கிழமை வெளியே மர வாங்கில் இருத்திவிட்டேன். பிறகு அவரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

இரண்டாயிரத்து ஆறு ஆவணியில் சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டினார்கள். கனகலிங்கம் கொழும்புக்குப் போனார், அங்கிருந்து இந்தியாவுக்கு. ஐயாத்துரையின் மருமகனைச் சந்தியில் சுட்ட பிறகு அவர் வீட்டை விட்டு வெளிக்கிடுவதில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். கார்த்திகை வர இந்த மேசையில் நான் மட்டும் இருந்தேன்.

அஸ்வர் என்ற முஸ்லிம் தம்பி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்ரநெற் கடை வைத்திருந்தார். அதில் போக்கர் விளையாடலாம் என்று காட்டித் தந்தார். போனேன். உலகம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள், ஆனால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மீன் படமோ தொப்பிப் படமோதான். அமெரிக்காவில் அந்த நேரம் ஏதோ சட்டம் வந்து காசு மேசைகள் பாதி வெறுமையாகிவிட்டன என்று அஸ்வர் சொன்னார். நான் இருந்தது இலவச மேசையில். அங்கே ஒருவரும் எதற்கும் பயப்படுவதில்லை. இழக்க ஒன்றுமில்லாதவனை ஏமாற்ற முடியாது. ஒரு நாள், எல்லோருக்கும் வணக்கம் என்று எழுதினேன். ஒருவரும் பதில் எழுதவில்லை. எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மேசையின் நாலு பக்கமும் சீட்டுப் போட்டு, நாலு கதிரையிலும் மாறி மாறி நானே இருந்து விளையாடினேன். அப்படி மூன்று மாதம்.

மாசியில் அப்பா வந்தார். கண் சத்திரசிகிச்சைக்காக முல்லைத்தீவிலிருந்து, ஓமந்தைச் சோதனைச்சாவடி திறந்த ஒரு நாளில் வவுனியாவுக்கு வந்தவர். தங்க இடமில்லை என்று மாதா கோயில் சுவாமி கேட்டார். பின்னறையைக் கொடுத்தேன். வாடகை வாங்கவில்லை, அதையும் நீர் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் சீட்டுக்கட்டைக் கண்டுவிட்டார்.

"யோகண்ணை, முந்நூற்று நாலு போடுவமோ? நான் கரையில பேர்போன ஆள்."

"ரெண்டு பேருக்கு அது சரிவராது அருளப்பு. இது வேற விளையாட்டு. இருங்கோ, காட்டித் தாறன்."

இரண்டு பின்னேரத்தில் பிடித்துக்கொண்டார். கடலில் வலை போட்டுவிட்டுக் காத்திருந்து பழகியவர், அவசரப்படமாட்டார். ஒரு கண்ணில் செய்த சத்திரசிகிச்சை சரிவரவில்லை, மற்றக் கண்ணும் மங்கல். தன் சீட்டு இரண்டையும் மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்ப்பார். நடுவில் கிடக்கிற ஐந்தும் தெரியாது. நான்தான் வாசித்துச் சொல்வேன். ஆட்டின் ராசா, இஸ்பேட்டு ஒன்பது என்று. மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட ஒரு சீட்டை மாற்றிச் சொன்னதில்லை. எனக்கு வேண்டாத சீட்டு வந்தபோதும் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். நீர் வேண்டுமானால் அவரையே கேட்கலாம்.

அவருடைய கடிதங்களையும் நான்தான் வாசித்தேன்.

செஞ்சிலுவை ஆட்கள் கொண்டுவந்து இந்த விலாசத்தில் கொடுப்பார்கள். அம்மா சொல்ல நீர் எழுதுவீர். வட்டமான எழுத்து, மேலே சின்னதாய் ஒரு சிலுவை. வைகாசியில் வந்த முதலாவது கடிதத்தில், ஒரு கண் செய்தது போதும், அடுத்ததைப் பிறகு பார்க்கலாம், ஓமந்தை திறக்கிற நாள் பார்த்து வந்துவிடுங்கோ என்று இருந்தது. நான் அதை எடுத்து, அம்மா சுகம், ரூபினி சுகம், மற்றக் கண்ணையும் செய்துபோட்டு வாங்கோ, அவசரமில்லை என்று வாசித்தேன். அவருடைய நன்மைக்காகத்தான். கண் முக்கியமில்லையா?

அவர் அம்மாவின் பெயரைச் சொல்லிச் சிரித்தார்.

"பாத்தியளே அண்ணை, என்ர குறட்டை இல்லாத நித்திரை ஞானமலருக்குப் பிடிச்சுப் போச்சு."

"அப்பிடித்தான் போல. சீட்டைப் போடட்டோ?"

"போடுங்கோ, போடுங்கோ."

என் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அவர் கண்ணுக்கு எட்டியிருக்காது. சரியாகப் பார்த்தால், அவரை எதிரில் வைத்து நான் வென்றதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

அதன் பிறகு வந்தவற்றையும் அப்படித்தான் வாசித்தேன். அவர் சொல்லச் சொல்லப் பதிலும் எழுதினேன். எல்லாவற்றையும் அனுப்பினேன் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாயிரத்து எட்டு தை மாதக் கடிதம் நீளமானது. அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம் கூடிவிட்டது, வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போக அனுமதித் துண்டு கிடைத்திருக்கிறது, துணைக்கு உம்மையும் விடுவார்கள், தங்க இடமுண்டு என்று வவுனியா வீட்டுக்காரர் ஒருவர் கடிதம் தந்தால் மாசி முடிய முன்னம் இருவரும் வந்துவிடலாம். இப்படி எழுதியிருந்தீர். கடைசியில், யோகலிங்கம் ஐயாவைக் கும்பிட்டுக் கேட்கிறோம் என்றும் இருந்தது. என் பெயரைப் பார்த்ததும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

நான் யோசிக்காமல் செய்யவில்லை. ஒரு பின்னேரம் முழுக்க யோசித்தேன். பின்னறையில் மூன்று பேர் இருக்க முடியாது. வேறு வீடு பார்ப்பார்கள். அப்பா வேலை தேடுவார். நோயாளியை வைத்துக்கொண்டு எந்த மனிதன் நாலு மணிக்குச் சீட்டு விளையாட வருவான்? நான் திரும்பவும் நாலு கதிரையில் மாறி மாறி இருக்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அந்தக் கடிதத்தால் எனக்கு ஒரு பயனும் இல்லை. அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அன்று அவர், "கடிதம் ஒண்டு வந்ததெண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லிச்சு, நான் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சுவாமியிட்ட வாசிப்பிச்சுக் கேக்கப்போறன், சுவாமி நல்லா இழுத்து வாசிப்பார்" என்றார். நான், "நாளைக்குக் கொண்டுபோங்கோ, நான் இன்னும் வாசிக்கேல்லை" என்றேன். மறுநாள் காலையில் கொடுத்தேன். அது நான் எழுதிய கடிதம். உம்முடைய எழுத்தைப் பழகுவது பெரிய கஷ்டமாக இருக்கவில்லை. கச்சேரியில் எத்தனை பேருடைய எழுத்தைப் பார்த்திருப்பேன். ஒரேயொரு பிழை விட்டேன். பழக்கத்தில் கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டேன். சுவாமி அதைக் காட்டிச் சிரித்தாராம். அப்பா வந்து சொன்னார்.

"பெட்டை சைவப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கப் போறாளெல்லோ, அங்க பழகியிருப்பாள் எண்டு சுவாமியிட்ட சொன்னனான். சரிதானே அண்ணை?"

"அதுவாத்தான் இருக்கும்" என்றேன்.

வீட்டுக்காரர் கடிதம் கேட்டு நீர் மூன்று தரம் எழுதினீர். மூன்றும் வந்தன. மூன்றாவதில் எழுத்து வட்டமாக இல்லை, அவசரமாக இருந்தது. பிறகு புரட்டாசியோடு ஒன்றும் வரவில்லை.

அம்மா உடையார்கட்டில் பீரங்கிச் செல் விழுந்து இறந்ததாகச் சற்று முன் சொன்னீர். இரண்டாயிரத்து ஒன்பது மாசி மாதம் என்றீர். எனக்குக் கவலைதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாரும். செல் அடித்தவர்கள் இருக்கிறார்கள், மறித்து வைத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு கடிதம் எழுதாமல் விட்டவன், அவ்வளவுதான். எழுதியிருந்தாலும் கடைசி நேரத்தில் விடாமல் இருந்திருக்கலாம். அப்படி எத்தனையோ பேருக்கு நடந்தது.

வைகாசியில் சண்டையெல்லாம் முடிந்து சனத்தை முகாம்களுக்குக் கொண்டுவந்தபோது அப்பா துடித்துப்போனார். தானே போகவேண்டும் என்று நின்றார். கண் தெரியாத மனிதர் அந்தச் சனத்துக்குள் என்ன செய்வார்? நான் போனேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் செட்டிகுளம் பஸ்ஸில், குடையும் தண்ணீர்ப் போத்தலும் அம்மாவும் நீரும் நிற்கிற படமுமாக. வெயிலைச் சொல்லி முடியாது. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நூற்றுக்கணக்கில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

நாலாவது சனிக்கிழமை உம்மைக் கண்டேன்.

பெயர்ப் பட்டியலில் முதலில் பார்த்தேன். அருளப்பு ஜெயரூபினி, இருபத்திரண்டு. குடும்பத்தில் ஒருவர் என்று இருந்தது, அதிலிருந்து அம்மா இல்லை என்று விளங்கியது. பிறகு வேலியடியில் உம்மையே கண்டேன். மண்ணெண்ணெய் வாளியோ தண்ணீர் வாளியோ கையில் இருந்தது. படத்தில் இருப்பதைவிட நல்லாய் மெலிந்திருந்தீர். எனக்கும் உமக்கும் இடையில் பத்தடி இருக்கும். நீர் வேலிக்கு வெளியே நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தீர். என்னையும் பார்த்தீர். என்னை உமக்குத் தெரியாது. நான் குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

அப்பா வாசல் படலையடியிலேயே நின்றார்.

"என்ன மாதிரி அண்ணை?"

"இல்லை அருளப்பு. ரெண்டு பேரின்ர பேரும் இல்லை. இனி யோசிக்க வேண்டாம்."

அவர் அந்த இடத்திலேயே மண்ணில் இருந்துவிட்டார். நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். பதினொரு நாள் மேசைப்பக்கம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை, அந்த மரியாதை எனக்குத் தெரியும். அவர் பக்கத்திலேயே இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்தேன். அம்மாவுக்கும் உமக்கும் கோயிலில் பூசை வைத்தோம். மெழுகுதிரி நான் வாங்கினேன். கிறிஸ்தவர்களின் முழந்தாளில் நிற்கிற பழக்கம் எனக்கில்லை, என்றாலும் முழங்கால் நோவோடு கடைசிவரை நின்றேன்.

பன்னிரண்டாம் நாள் நாலு மணிக்கு அவரே வந்து கதிரையில் இருந்தார். சீட்டைப் போட்டேன். அன்று தொடக்கம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. முன்பெல்லாம் ஆட்டத்தின் நடுவில் வீட்டுக்குப் போக வேண்டும், போக வேண்டும் என்று சொல்லுவார். இப்போது சொல்வதில்லை.

முகாமிலிருந்து நீர் எழுதிய இரண்டும் அலுமாரிக்குள் இருக்கின்றன, மற்றவற்றோடு. ஒன்றையும் எரிக்கவில்லை. தேதி வாரியாக அடுக்கியிருக்கிறேன். வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போகலாம், உம்முடைய கடிதங்கள்தானே.

தேநீர் ஆறிவிட்டது, நீர் குடிக்கவேயில்லை.

இவ்வளவையும் மறைக்காமல் சொன்னேன். ஏனென்றால் நீர் படித்த பிள்ளை, நிதானமாக யோசிப்பீர். அப்பா உம்மை அழுது முடித்துவிட்டார். அந்த மனிதருக்கு இருதயமும் பலமில்லை. இப்போது போய் முன்னால் நின்றால் சந்தோஷப்படுவார், உண்மைதான். ஆனால் அதோடு மற்றதெல்லாம் தெரியவரும். இந்த ஊரில் அவருக்கு இருக்கிற ஒரேயொரு துணையையும் அவர் இழந்துபோவார். உமக்கு வயது இருக்கிறது, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வீர். எங்கள் இரண்டு பேருக்கும் அப்படியில்லை.

மூன்றே முக்காலாகிறது. அவர் முன்படலையால்தான் வருவார். பின்படலையை உமக்காகத் திறந்து வைத்திருக்கிறேன், பிள்ளை. இப்போதே வெளிக்கிட்டால் ஒருவருக்கும் ஒரு நட்டமும் இல்லை.