ஈரப் படியில் சப்பாத்துத் தடம்

“மூண்டு கிழமையாப் படியில தண்ணி படேல்லை, யோசபின் அக்கா. இது உங்கட முறை. உங்கட ஊத்தையையும் நானே துடைக்கிறது?”

“துடைச்சனான். உம்மட மனிசன் சப்பாத்தோட ஏறினால் நான் என்ன செய்ய?”

ஜெயமலரின் சத்தமும் என் சத்தமும் மூன்றாம் மாடிவரை கேட்டிருக்கும். உண்மையில் நான் துடைக்கவில்லைத்தான். ஜெர்மனியில், வுப்பர்டாலில் எங்கள் கட்டடத்தில் ஆறு குடும்பம். முறை வைத்து மாடிப்படி துடைக்க வேண்டும். எனக்கு முழங்கால் நோவு, விட்டுவிட்டேன். இதில் பெரிய பாவம் ஒன்றும் இல்லை.

மறுநாள் மத்தியானம் அடியிலிருக்கும் கெல்லர், சாமான் போடும் நிலவறை, பற்றியெரிந்தது. புகை ஏறிக் கீழ்வீட்டு ஜெர்மன் கிழவர் செத்துப்போனார். 2002 ஒக்டோபர். யாரோ வைத்த தீ என்று பொலிஸ் வீடு வீடாக வந்து, யாரையாவது கண்டீர்களா என்று கேட்டது. பதினாலு வருடமாக எனக்குத் தெரியாமல் என் கதவு ஓட்டையைத் தாண்டி ஒரு பூனையும் போனதில்லை. யாருக்கு என்ன கடிதம் வந்தது, யார் மகள் யாருடைய காரில் வந்து இறங்கினாள், எல்லாம் என்னிடம் கேட்டால் தெரியும். அப்படிப்பட்ட எனக்கு, ஒன்றும் காணவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

விமலநாதனைக் கண்டேன் என்றேன். ஜெயமலரின் மனிசன். கெல்லரில் சாமான் வைப்பது பற்றி அவர் கிழவரோடு கொழுவியது எல்லோருக்கும் தெரியும். பிறகு வேறென்ன கண்டீர்கள் என்றார்கள். ஈரப் படியில் அவருடைய சப்பாத்துத் தடம் கெல்லரிலிருந்து இரண்டாம் மாடியில் அவர்கள் வீடுவரை கிடந்தது என்றேன். பயமாக இருக்கிறது, என் பெயர் வெளியே வரக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டேன். ஒத்துக்கொண்டார்கள். வழக்கில் எனக்குப் பதிலாகப் பொலிஸ் அதிகாரி போய்ச் சொன்னார். விமலநாதனுக்குப் பதினொரு வருடம் கொடுத்தார்கள்.

ஜெயமலருக்கு டொச் பாஷை ஓடாது. லோயரிடம் கூட்டிப்போக ஆள் வேண்டும், நான்தான் போனேன். சண்டையை மனதில் வைத்திருக்கிறவள் இல்லை நான். ஜெர்மனியில் எல்லா நீதிமன்றமும் கைவிரித்தபின் லோயர் விளங்கப்படுத்தினார்: முகம் தெரியாத சாட்சியை நம்பித் தண்டித்திருக்கிறார்கள், அந்தச் சாட்சியிடம் ஒரு கேள்வி கேட்கவும் விடவில்லை, இது நியாயமான விசாரணையே இல்லை. ஸ்ராஸ்பூர்க்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இருக்கிறது, ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும். எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். லோயர் சொன்னதில் ஈரப் படிக் கதையை மட்டும் விட்டுவிட்டேன். வழக்கில் விமலநாதன் அதைக் காதில் கேட்டிருப்பார்தான். ஆனால் படி துடைத்ததா இல்லையா என்று எந்த ஆம்பிளைக்குத் தெரியும்? ஜெயமலருக்குத் தெரியும். அந்தச் சாட்சியிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அவளிடம்தான் இருந்தது.

லோயர் எழுதித் தந்த முறையீட்டில், சிறைக்குப் போய் விமலநாதனுடைய கையெழுத்தை வாங்கிவந்தாள்.

“நான் விடியவே வேலைக்குப் போறன், அக்கா. இதை நீங்களே போஸ்ரில போட்டு விடுங்கோ. வெள்ளிக்கிழமைதான் கடைசி. உங்களை விட்டா எனக்கு ஆர் இருக்கினம்?”

அலுமாரியில் மேசைவிரிப்புக்குக் கீழே வைத்தேன். வெள்ளி கழிந்து செவ்வாய்க்கிழமை பதிவுத் தபாலில் போட்டேன். போடவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது. துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

பதில் வந்தது. காலம் பிந்திவிட்டது, ஏற்க முடியாது என்று நாலு வரி. அதையும் வாசிக்க என்னிடம்தான் கொண்டுவந்தாள்.

“வழக்கை வடிவாப் பார்த்தவையாம். தீர்ப்பு சரியாம்,” என்றேன்.

அவள் அழவில்லை. நான் ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனாள்.

2008இல், பாதித் தண்டனை முடிந்ததும், விமலநாதனைக் கொழும்புக்கு விமானம் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை. ஜெயமலர் டுசல்டோர்ஃபுக்குப் போய்விட்டாள். அவளுடைய மகள் தேனுஜா போன வருடம் கலியாணம் முடித்தாள். நல்ல பெடியன், கொஞ்சம் கட்டை. தகப்பனுடைய இடத்தில் மாமன் நின்றாராம். சனம் என்னிடம்தான் விசாரிக்கிறது, என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்?

தீப்பற்றிய நேரம் மட்டும் நான் கதவடியில் இல்லை. முதல் நாள் படிச் சண்டையைப் பரிஸில் இருக்கும் தங்கைக்கு ரெலிபோனில் சொல்லிக்கொண்டிருந்தேன். தீயை யார் வைத்ததோ தெரியாது. இந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரியாமல் நடந்தது அது ஒன்றுதான்.