பச்சைக் காரில் எண்ணெய் ஒழுகிய கதை

இந்தக் கூலாய் ஊர்ப் போலீஸ் நிலையத்தில் இவ்வளவு நல்ல காப்பி கிடைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை. கூப்பிடாமல் வந்து நிற்கிறவனுக்குக் காப்பி கொடுத்ததே பெரிது.

நான் சின்னத்தம்பி. ராமச்சந்திரன் செட்டியாரின் டிரைவர். முதலாளிக்குச் சரியாக ஓட்டத் தெரியாததால்தான் விபத்து நடந்தது என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டதாகக் கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். அவர் அருமையாக ஓட்டுவார். கற்றுக்கொடுத்தவன் நான்.

முதலில் எங்களிடம் ஒரு பெரிய கறுப்புக் கார் இருந்தது. மற்ற முதலாளிகள் பின்னால் சாய்ந்து உட்காருவார்கள். எங்கள் முதலாளி முன்னால், என் பக்கத்தில்தான் உட்காருவார். சிம்பாங் ரெங்கம் ரப்பர் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் வழியில் டுரியான் பழம் வாங்கி, உடைத்து, நான் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே என் வாயில் ஒரு சுளையைத் திணிப்பார். "கையை எடுக்காதே, வாயை மட்டும் தொற" என்பார். நாங்கள் சிரிக்கிற சிரிப்பில் ரோட்டோரக் கிராமத்து ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

பிறகு ஊரிலிருந்து கப்பலில் முதலாளியின் மனைவி சிகப்பி ஆச்சி வந்தார். அவர் வந்த கையோடு சிங்கப்பூரிலிருந்து அந்தப் பச்சைக் காரும் வந்தது. பந்தயக் கார் மாதிரி நீண்ட மூக்கு, தாழ்ந்த கதவு, இரண்டே இருக்கை. ஒன்றில் முதலாளி, இன்னொன்றில் ஆச்சி. கற்றுக்கொடுத்து முடித்ததும் எனக்கு மிஞ்சியது கழுவித் துடைக்கிற வேலைதான். அதையும் குறை சொல்லவில்லை. பச்சை வண்ணத்தில் காலை வெயில் படுவதைப் பார்க்க வேண்டும் நீங்கள்.

அப்படித் துடைக்கும்போதுதான் பின்சக்கரத்துக்கு உள்பக்கம் ஈரம் கண்டேன். முகர்ந்தால் விளக்கெண்ணெய் வாசனை. அந்தக் காரில் பிரேக் புது மாதிரி. பழைய காரில் கம்பி இழுக்கும். இதில் மிதித்தால் மெல்லிய குழாய்களில் இருக்கும் எண்ணெய்தான் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். எண்ணெய் போனால் பிடிப்பும் போயிற்று. ஓடிப்போய்ச் சொன்னேன். முதலாளி வந்து குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"புதுக் காரிலயா இப்படி? டேய், நீ பாக்கலைன்னா நாங்க ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்திருப்போமே" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாளே சிங்கப்பூர்ப் பட்டறைக்குக் கிளம்பினோம். பிரேக் சரியில்லாத காரை வேறு யாரை நம்பிக் கொடுப்பார்? நான் ஓட்ட, அவர் பக்கத்தில் எண்ணெய் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நின்று நின்று ஊற்றிக்கொண்டு ஆமை மாதிரி போனோம். பாலத்தைத் தாண்டும்போது கடல் காற்றில் அவர் தொப்பி பறந்துவிட்டது. வயிறு வலிக்கச் சிரித்தோம். பட்டறையில் கீறல் விட்ட குழாயைக் கழற்றிப் புதுசு மாட்டினார்கள். நேர்த்தியான வேலை. அதற்குப் பிறகு ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அதுதான் சங்கடமாகப் போயிற்று.

மரை ஒன்று இருக்கிறது, ஐயா. குழாயைச் சக்கரத்தோடு சேர்க்கிற இடத்தில். ஸ்பேனர் சாவியை வைத்துக் கொஞ்சம் திருப்பினால் போதும், எண்ணெய் கசியத் தொடங்கும். திருப்பினேன். காலையில் நானே போய்ச் சொன்னேன். மறுபடியும் தோளைப் பிடித்தார், மறுபடியும் சிங்கப்பூர் போனோம். இப்படி நாலைந்து தடவை. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? நான் பார்க்காமல் கார் வாசலைத் தாண்டாது. அவர்களை நான் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன்.

ஆச்சி கெட்டவர் என்று நான் சொல்லவே மாட்டேன். வெள்ளிக்கிழமை பாயசம் வைத்தால் முதல் கிண்ணம் எனக்குத்தான் வரும். ஒரு நாள் அந்தக் கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டு நின்றார்.

"சின்னத்தம்பி, ஒன்னு கேக்குறேன், கோவிச்சுக்காதே. நீ காய்ச்சல்னு படுத்திருந்தப்போ வண்டியில ஏன் ஒரு சொட்டுக்கூட ஒழுகலை?"

நான் பாயசத்தை ஒரு வாய் குடித்தேன்.

"அவுககிட்ட நான் சொல்லலை, சொல்லவும் மாட்டேன். காஹாங் தோட்டத்து லாரிக்கு ஆள் வேணுமாம். நீயே கேட்டு வாங்கிக்கிட்டுப் போயிரு. உனக்கும் மரியாதை, எங்களுக்கும் நிம்மதி."

சிரித்துக்கொண்டே சொன்னார். நியாயமான பேச்சு. வேறு ஒருவராக இருந்தால் அன்றைக்கே உங்களிடம் அனுப்பியிருப்பார். பாயசத்தைக் குடித்து முடித்துக் கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோத்தா திங்கி அருவிக்குக் கிளம்பினார்கள். நல்ல வெயில். ஆச்சி மஞ்சள் சேலை கட்டியிருந்தார். பலகாரத் தூக்கை நான்தான் காலடியில் சாயாமல் வைத்தேன்.

"பிரேக் பாத்தியா?" என்று கேட்டார் முதலாளி.

"பாத்தேன் முதலாளி. நல்லா இருக்கு. போய்ட்டு வாங்க."

கையசைத்தேன். ஆச்சியும் அசைத்தார். நான் ஒழுங்காகக் காஹாங்குக்குப் போய்விடுவேன் என்று நம்பினார் போலிருக்கிறது.

வழக்கமாகத் திருப்புவதைவிட அன்றைக்குக் கூடுதலாகத் திருப்பியிருந்தேன். ஊருக்குள் தாங்கும், கோத்தா திங்கிக்கு முன்னால் உள்ள நீள இறக்கத்தில் தாங்காது. அந்த ரோட்டை எனக்கு உள்ளங்கை மாதிரி தெரியும். மலையைக் குடைந்து போட்ட ரோடு, இடப்பக்கம் சுவர் மாதிரி செம்மண் மேடு. ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது முதலாளியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன்: "பிரேக் பிடிக்கலைன்னா பதறாதீங்க முதலாளி. இடப்பக்கமா ஒடிச்சு மேட்டோட வச்சுத் தேய்ங்க. தன்னால நின்னுரும்."

ஓட்டுகிறவர் உட்காருவது வலப்பக்கம் அல்லவா? அந்த வித்தையில் அவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதைக் கணக்குப் பண்ணித்தான் திருப்பினேன். நீங்கள் நேரில் பார்த்தீர்களே, ஐயா, கார் எவ்வளவு சுத்தமாக இடப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது என்று. சொன்னதைச் சொன்னபடி செய்தார். அவருக்கா ஓட்டத் தெரியாது?

முதலாளியின் கால் முறிந்தது மட்டும் நான் எதிர்பார்க்காதது. இனிமேல் மிதி அழுத்த முடியாது என்கிறார் டாக்டர். ஆச்சியின் காரியங்களுக்கு வந்த சொந்தக்காரர்களையெல்லாம் நான்தான் கறுப்புக் காரில் ஏற்றி இறக்கினேன். ஒருவருக்கும் ஒரு குறை வைக்கவில்லை. முதலாளி இப்போது பின்னால் உட்காருகிறார், கண்ணை மூடிக்கொண்டு. பேசுவதில்லை. அசதியாக இருக்கும்.

ஆக, மரையைத் திருப்பியது நான். ஆச்சியைக் கொல்ல வேண்டும் என்றே திருப்பினேன். முதலாளி ஓட்டியதில் ஒரு குற்றமும் இல்லை. அதை மட்டும் தெளிவாக எழுதிவிடுங்கள். கைநாட்டு வேண்டாம், எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.

கோர்ட்டில் விசாரணை என்றால் முதலாளியையும் கூப்பிடுவீர்கள் இல்லையா? புதிதாக யாரையாவது வைத்து ஓட்டச் சொன்னால் பள்ளத்தில் இறக்கி ஏற்றி அவர் காலை நோகடித்துவிடுவான். அந்த ஒரு நாள் மட்டும் என்னை வெளியே விடுங்கள், ஐயா. நானே போய் அவரைப் பத்திரமாக அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.