பின்கதவுக்குப் புது ரெக்ஸின்

பழைய காரில் முதலில் பாழாவது சீட் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கதவின் உள்பக்கம்தான் முதலில் போகும். முழங்கை படுகிற இடத்தில் ரெக்ஸின் பளபளத்து, பிறகு வெடித்து, உள்ளே இருக்கும் ஃபோம் மாவாக உதிரும். கதவைத் திறந்து பார்த்தாலே போதும், சொந்தக்காரர் எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருவார் என்று சொல்லிவிடுவேன். இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஐயா. காலம் முழுக்க இதே பிழைப்பு.

நீங்கள் கேட்பது என் சொந்தக் காரின் கதவுகளைப் பற்றி. அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

என் அண்ணன் பஸ் டிரைவராக இருந்தவர். என் கல்யாணத்தை முன்நின்று நடத்தியவர். ஓய்வு பெற்றதும் ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தப்ப ஆரம்பித்தது. அண்ணியும் போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளைகள் இல்லை. வேறு யார் வைத்துக்கொள்வார்கள்? நான்தான் கூட்டிவந்தேன். வீட்டில் சமாளிக்க முடியவில்லை. கேஸைத் திறந்துவிட்டு மூடாமல் போவார். என் மகள் குளித்துக்கொண்டிருக்கும்போது கதவைத் தட்டி, பஸ் கிளம்பப் போகுது என்று அவசரப்படுத்துவார். முதலில் சிரித்தோம். பிறகு சிரிப்பு வரவில்லை. ஒரு நாள் என் மனைவி மகளை அழைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அண்ணனா நாங்களா என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. "மாமாவுக்கு ஒரு இடம் பாருங்க. அப்புறம் நாங்க வர்றோம்" என்றாள். அவ்வளவுதான்.

இடம் தேடி அலைந்தேன். முதியோர் இல்லம் ஒன்றை நடத்தும் அம்மா நன்றாகத்தான் பேசினார். "படுத்த படுக்கையா இருந்தா வெச்சுக்கலாம் சார். நடமாடுறவரை எங்களால பாத்துக்க முடியாது" என்றார். மற்ற இடங்களிலும் இதே பதில்தான். ஒவ்வொரு தடவையும் வெளியே வருவேன். அண்ணன் வாசலில் நின்று, "டிப்போல என்ன சொன்னாங்க?" என்பார்.

அவர் அடங்கி உட்கார்ந்த ஒரே இடம் என் பழைய கார். கடைக்குக் கூட்டிவந்து பின்சீட்டில் உட்காரவைத்தால் சாந்தமாகிவிடுவார். முன்சீட்டில் விட்டால் ஹார்ன் அடித்தே தெருவைக் கூட்டிவிடுவார். பின்னால் இருந்து முன்னால் தாவி வர முழங்கால் இடம் கொடுக்காது. தொல்லை ஒன்றே ஒன்று. ஸ்டாப் வந்துவிட்டது என்று திடீரென்று கதவைத் திறந்து ரோட்டில் இறங்கிவிடுவார். ஒரு முறை தண்ணீர் லாரி அவர் சட்டையை உரசிக்கொண்டு போனது. அன்று நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும்.

கதவு ரெக்ஸினையும் எப்படியும் மாற்ற வேண்டியிருந்தது. கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, பழையதை உரித்து, அதே அளவில் புதிதாக வெட்டி ஒட்டினேன். உள்கைப்பிடிக்கும் கண்ணாடி ஏற்றும் பிடிக்கும் அட்டையில் ஓட்டைகள் இருக்கும். ரெக்ஸினை ஒட்டியதும் அந்த இடங்களைப் பிளேடால் கீறிப் பிடிகளைத் திரும்ப மாட்டுவது கடைசி வேலை. பின்கதவு இரண்டிலும் பிடிகளைக் கழற்றியாயிற்று, அந்தக் கடைசி வேலையை மட்டும் செய்யாமல் விட்டேன். அவர் தட்டினால் கை நோகக் கூடாதென்று ஃபோமை இரட்டையாக வைத்தேன். கதவு மழமழவென்று வந்தது. பக்கத்துப் பட்டறைக்காரர் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணே, கம்பெனியிலயே இப்படி வராது" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது.

பின்கண்ணாடிகள் இறங்காது என்பதால் முன்கண்ணாடிகளை எப்போதும் இறக்கியே வைப்பேன். தண்ணீர் பாட்டில் வைப்பேன். மறந்ததே இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மத்தியானம் மனைவி போன் செய்தாள். மகளுக்குப் பரீட்சை வருகிறது, அம்மா வீட்டில் படிக்க இடமில்லை என்றாள். அந்த நேரம் பார்த்து அண்ணன் சத்தம் போட்டார். "தம்பி, ஸ்டாப் வந்துடுச்சு. கதவைத் திற."

"இன்னும் அங்கதான் இருக்காரா?" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. களைப்பு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவளுக்குக் கேட்கக் கூடாதென்று முன்கண்ணாடிகளை ஏற்றினேன். அவள் பேசி முடித்துப் போனை வைத்தாள்.

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் காருக்கு அன்று கதவு வேலை. புதுப் பசையில் வெயில் பட்டால் ரெக்ஸின் கொப்புளம் கொப்புளமாக உப்பிவிடும். கடையில் நிழல் இருப்பது ஒரு வண்டிக்குத்தான். அதனால் என் காரை எடுத்து வெயிலில் நிறுத்தினேன். வண்டி நகர்ந்ததும் அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்து ஓட்டு தம்பி, ஆள் நிறைய இருக்கு" என்றார். நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன். கண்ணாடியை இறக்க மறந்துவிட்டேன் என்றால் நீங்களே நம்பிவிடுவீர்கள். மறக்கவில்லை. அப்புறம் இறக்கலாம் என்று நினைத்தேன்.

பிறகு பசை தடவ உட்கார்ந்துவிட்டேன். தட்டும் சத்தம் வந்தது. இரட்டை ஃபோம், அதனால் பெரிதாகக் கேட்காது. சாயங்காலம் வர வேண்டிய வாத்தியார் முன்னதாகவே வந்து என் பக்கத்தில் நின்றார். "ஏதோ தட்டுற மாதிரி இருக்கே" என்றார். "பக்கத்துப் பட்டறைல தகரம் தட்டுறாங்க சார்" என்றேன். நிறம் நன்றாகப் பொருந்தியிருக்கிறது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் மேல் தப்பே இல்லை.

எழுந்து போய்க் கதவை இழுக்க என்ன தடை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இரண்டு கையும் பசை. பாதியில் விட்டால் அந்த அட்டை வீண். நான் என்ன செய்ய முடியும்?

சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு தின்னர் தொட்டு விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு மனைவிக்குப் போன் செய்தேன். "அண்ணனுக்கு ஒரு இடம் கிடைச்சிடுச்சு. நீங்க கிளம்பி வாங்க" என்றேன். அதற்குப் பிறகுதான் போய்க் கதவைத் திறந்தேன்.