ரெமிஜியஸுக்கு ஓய்வு கொடுத்தேன்

எனக்கு அறுபத்தொன்பது வயது ஆகிறது தீபிகா, இன்னும் முழங்கால் வலி என்றால் என்னவென்று தெரியாது. வெளியில் சொன்னால் கண் பட்டுவிடும் என்று யாரிடமும் சொல்வதில்லை. நீ உட்கார். நாற்காலியில் கிடக்கிற துணியைத் தள்ளிவிட்டு உட்கார். நான் நடந்துகொண்டேதான் பேசுவேன். ஓரிடத்தில் இருக்க எனக்கு வராது. பிசியோதெரபி படித்தவள் நீ, நடக்கிறவளைக் குறை சொல்ல மாட்டாய்.

என் வீட்டுக்காரர் இரண்டாவது தடவை எப்படி விழுந்தார் என்று கேட்டாய். இந்த ஜீவனஹள்ளியில் வேறு ஒருவரும் அதைக் கேட்கவில்லை. வயதானவர், விழுந்துவிட்டார், பாவம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நீ மட்டும் சில நாட்களாகவே எதையோ மென்று முழுங்கிக்கொண்டிருந்தாய். இன்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாய், நல்லது. ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

ரெமிஜியஸைக் கட்டிக்கொண்டு நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவ்வளவு காலத்தில் அவர் இந்த வீட்டில் இருந்தது ஒரு விருந்தாளி இருக்கிற மாதிரிதான். ஃபேக்டரி ஷிப்ட் முடிந்தால் ஃபுட்பால் கிரவுண்ட். அங்கிருந்து யூனியன் ஆபீஸ். காக்ஸ் டவுனில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் தோள் கொடுக்க முதல் ஆளாக நிற்பார். ஊரே அவரைத் தங்கமான மனுஷன் என்று சொல்லும். ஊருக்குச் சொல்ல என்ன, அது அவரோடு குடும்பமா நடத்துகிறது?

ரிட்டையர் ஆனால் வீட்டோடு இருப்பார் என்று நான் நினைத்தது என் முட்டாள்தனம். லாயிட் என்று அவருக்கு ஒரு கூட்டாளி, உனக்குத்தான் தெரியுமே. காலையில் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி ஹாரன் அடிப்பார். இவர் பாதி இட்லியோடு கையைக் கழுவிக்கொண்டு ஓடுவார். எங்கள் மகன் ரயான் டொராண்டோவுக்குப் போன பிறகு வீட்டில் நான் ஒருத்திதான். வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், திரும்பத் திறந்தேன். மற்றவர்களுக்கு இந்த வயதில் உடம்பு ஓய்ந்துபோகிறது. எனக்கு அது கொடுத்துவைக்கவில்லை.

அப்புறம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். அதில் என் கை இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சோப்புத் தண்ணீர், அவ்வளவுதான். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து இந்த ஹாலில் கட்டிலைப் போட்டோம்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் என் கல்யாண வாழ்க்கை என்பது அப்போதுதான் ஆரம்பித்தது. மதியத்துக்கு என்ன குழம்பு என்று கேட்டார். அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. அவருடைய அம்மா செத்த கதையைச் சொல்லி அழுதார். நான் கொல்லைப்பக்கம் போனால் கூப்பிடுவார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, என் பேரைச் சொல்லி, ஒரு நாள் சொன்னார்: "நீ இல்லன்னா என் கதி என்னா ஆவும் பெட்டி?" நான் அன்றைக்குக் கட்டில் ஓரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன், கவனி. கால் பரபரக்கவில்லை.

பிறகு நீ வந்தாய். வந்த முதல் நாளே என்னைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "ஆன்ட்டி, அங்கிளப் படுக்க வெச்சே வெச்சிருக்காதீங்க. இந்த வயசுல ஒரு வாரம் படுத்தா போதும், தொடைச் சதையெல்லாம் கரைஞ்சிடும். அப்புறம் அவரே நடக்கணும்னு நெனச்சாலும் நடக்க முடியாது. முட்டை, பருப்பு நெறைய குடுங்க. தண்ணி வேணும்னாகூட அவரே எழுந்து போய்க் குடிக்கட்டும்."

அன்று நீ சொன்னபடியே செய்தேன். அதை நீயே பார்த்தாய். முட்டை கொடுத்தேன், சுண்டல் கொடுத்தேன், கையைப் பிடித்து நடக்கவைத்தேன். அவரும் வேகமாகத் தேறினார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் போய்வர ஆரம்பித்தார். கேட்டில் நின்று ரோட்டைப் பார்ப்பார். நான் அவர் முதுகைப் பார்ப்பேன்.

ஒரு நாள் சிவாஜிநகர் போய் அவருக்கு சூப் வைக்க ஆட்டெலும்பு வாங்கிக்கொண்டு வருகிறேன், கட்டில் காலி. வாக்கரும் இல்லை. எலும்புப் பையைக் கையில் பிடித்துக்கொண்டே சந்து சந்தாக ஓடினேன். எங்கேயாவது விழுந்து கிடக்கிறாரோ, லாரி ஏதாவது அடித்துவிட்டதோ என்று ஒவ்வொரு திருப்பத்திலும் எட்டிப் பார்த்தேன். கடைசியில் டீக்கடை பெஞ்சில் லாயிட்டோடும் இன்னும் சிலரோடும் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "டேய், வார்டன் வந்துட்டாங்கடா, ஜெயிலுக்கு டைம் ஆச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று சூப் வைக்கவில்லை. எலும்பைத் தெரு நாய்க்குப் போட்டுவிட்டு, அவருக்குக் கஞ்சி வைத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் கஞ்சிதான். நம்மவர்களிடம் இது ஒரு வசதி, உடம்பு சரியில்லாதவருக்குக் கஞ்சி கொடுத்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்பதற்கு முன்னாலேயே கொண்டுபோய் வைத்தேன். பாத்ரூமுக்கு நடக்க வேண்டாம் என்று கட்டிலை ஒட்டி கமோடு சேர் போட்டேன். வாக்கர் வழியை அடைக்கிறது என்று பீரோவுக்குப் பின்னால் நகர்த்தினேன். எழுந்திருக்கப் பார்த்தால் தோளைத் தொட்டு, "எதுக்குங்க சிரமம், நான் இருக்கேன்ல" என்பேன். ஒரு நாளாவது நான் குரலை உயர்த்தியிருந்தால் கேள்.

சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து செய்தி சொல்வேன். பிரேசர் டவுனில் ஒருவர் கட்டிலிலிருந்து இறங்கினாராம், கீழே விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். லிங்கராஜபுரத்தில் ஒரு பெரியவருக்கு ஆபரேஷனில் இடுப்பில் வைத்த ஸ்டீல் உள்ளேயே உடைந்துவிட்டதாம். சிலது கேள்விப்பட்டது, மிச்சம் நானாகச் சொன்னது. மனிதர் தைரியசாலி, பாதி ராத்திரியில் பிணத்தோடு தனியாக உட்கார்ந்திருந்தவர். ஆனால் வயதானவர்களுக்கு விழுகிற பயம் வந்துவிட்டால் மற்ற பயமெல்லாம் ஒன்றுமில்லை. கொஞ்ச நாளில் கட்டிலின் விளிம்பைப் பார்த்தாலே உள்பக்கம் நகர்ந்து படுத்தார்.

உன்னிடம் அவருக்குக் காய்ச்சல், அடுத்த வாரம் வா என்றேன். அவரிடம் நீ வேறு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னேன். லாயிட்டை கேட்டிலேயே நிறுத்தி, டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார் என்று திருப்பி அனுப்பினேன். இதற்கெல்லாம் எனக்கு ஊரில் கிடைத்த பேரைக் கேட்டிருப்பாய். முதல் வெள்ளிக்கிழமை ஃபாதர் நற்கருணை கொண்டுவருவார், கூடவே கோயில் சபைப் பெண்கள் வருவார்கள். மேஜையில் வெள்ளைத் துணி விரித்து மெழுகுத்திரி ஏற்றி வைத்திருப்பேன். "கால கீழ வெக்க விடமாட்றீங்களே பெட்டி அக்கா, இந்தக் காலத்துல யாரு இப்பிடிப் பாக்கறாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். அவரையே தண்ணீர் எடுத்துக் குடிக்கச் சொன்ன உன்னைப் பற்றியும் சொன்னேன். அதைக் கேட்டு அவர்கள் தலையில் அடித்துக்கொண்டதைப் பார்க்க வேண்டுமே. இதயமே இல்லாத பெண் என்றார்கள். நான் உனக்காகப் பரிந்து பேசினேன்.

ஒரு நாள் ஈரத்துணியால் உடம்பு துடைக்கும்போது அவர் தொடையை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன். விரல் நுனிகள் ஒன்றையொன்று தொட்டன. கிரவுண்டில் பந்து உதைத்த கால் அது. எனக்கு அழுகை வரவில்லை. அடுப்பில் வைத்தது பதமாக வெந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்போமே, அந்த நினைப்புதான் இருந்தது. நீ சொன்னது அத்தனையும் சரி. உன் படிப்பு வீண் போகவில்லை.

நீ ஏன் எழுந்துவிட்டாய்? உட்கார். இன்னும் நீ கேட்டதற்கே வரவில்லை.

ரயான்தான் கெடுத்தான். வீடியோ காலில் அப்பாவின் காலைக் காட்டச் சொன்னான். பார்த்த உடனே உனக்குப் போன் போட்டுவிட்டான். பிள்ளை சொல்லும்போது நான் எப்படி வேண்டாம் என்பது? நீ டப்பாவில் அவித்த முட்டையோடு வந்து நின்றாய். பீரோவுக்குப் பின்னாலிருந்து வாக்கரை நீயே இழுத்து வெளியே போட்டாய். அவர் உன்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை. கடலில் போனவன் கரையைப் பார்க்கிற மாதிரி.

செப்டம்பரில் மாதா கோயில் தேர். சின்ன வயதிலிருந்து ஒரு வருடம் தவறாமல் சிவாஜிநகரில் தேருக்குப் பின்னால் நடந்தவர். நீ அதையே தூண்டிலாகப் போட்டாய். "தேருக்கு நடக்கணும்ல அங்கிள், எழுந்திருங்க" என்பாய். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்திருப்பார். ஒரு நாள் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து நின்றார். நீ கைதட்டினாய். அவர் உன்னைப் பார்த்துச் சிரித்தார், அப்புறம் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்தேன்.

நீ போன பிறகு சொன்னார்: "தேர் முடியட்டும் பெட்டி, காலைல நான் லாயிட்கூடப் போயிக்கினு வந்துடுறேன். ஒனக்கும் ரெஸ்ட்டு. பாவம், நீயும் எவ்ளோதான் பாப்ப?" மனதார, பிரியமாகச் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு ரெஸ்ட் வேண்டும் என்று நான் எந்தச் சாமியிடம் கேட்டேன்? அந்த வாரம் முழுக்க என் கால் தரையில் பாவவில்லை. மாடிக்கு ஏறினேன், இறங்கினேன். துவைத்ததையே துவைத்தேன். காது எந்நேரமும் ஸ்கூட்டர் ஹாரனுக்காகக் காத்திருந்தது.

தேர் அன்று மதியம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சாப்பிட்டுப் படுத்தார். நாலு மணிக்கு லாயிட் ஆட்டோவோடு வருவதாக ஏற்பாடு. அவர் கண் மூடியிருந்தது. வாக்கரின் நாலு காலிலும் வழுக்காமல் இருக்க ரப்பர் புஷ் இருக்கும், உனக்குத் தெரியும். முன்கால் ஒன்றிலிருந்து அதைத் திருகிக் கழற்றி ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன். அப்புறம் தரையைத் துடைத்தேன். மொசைக் தரை, கொஞ்சம் ஈரமாகவே விட்டேன். சமையலறைக்குப் போய் நின்றேன். ஆட்டோ சத்தம் கேட்டது. அவர் எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் இரும்பு தரையில் கீறுகிற சத்தம். அந்தக் கீறலைத்தான் நீ கண்டுபிடித்து இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஆமாம், நான்தான் அவரை விழவைத்தேன். இதை இப்படிச் சொன்னால் பெரிய விஷயமாகத் தெரிகிறது. எலும்பு எதுவும் முறியவில்லை, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். விலாவில் கன்றிப்போனதோடு சரி. எனக்கும் அவ்வளவுதான் தேவைப்பட்டது.

லாயிட் உள்ளே ஓடிவந்து, "எப்பிடிடா விழுந்த?" என்று கேட்டார். இவர் தரையில் கிடந்தபடியே வாக்கரின் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கால் ஸ்லிப் ஆயிடுச்சு மச்சி" என்றார். லாயிட் ஆட்டோக்காரரைக் கூப்பிட வெளியே போனதும் மெதுவாகச் சொன்னார்: "நான் தூங்கல பெட்டி."

அவ்வளவுதான். நான் குனிந்து என்னவோ செய்ததைப் பார்த்திருக்கிறார், என்னவென்று விழுந்த பிறகு புரிந்திருக்கிறது. ஆனாலும் காட்டிக்கொடுக்கவில்லை. ரயானிடம் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனம் கேட்க வந்த ஃபாதரிடமும் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்; ஃபாதர் போகும்போது என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டுத்தான் போனார். இத்தனை வருடத்தில் எனக்காக ரெமிஜியஸ் செய்த ஒரே காரியம் அதுதான். பிரியம் இல்லாமலா ஒரு மனிதன் அப்படி வாயை மூடிக்கொள்வான்?

அதிலிருந்து வீட்டில் சண்டை இல்லை, சச்சரவு இல்லை. கொடுத்ததைச் சாப்பிடுகிறார். நீ எவ்வளவு கெஞ்சியும் காலைக் கீழே வைக்க மறுக்கிறார், பார்த்தாயே. தண்ணீர்கூடக் கேட்பதில்லை, எனக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று. துணி நனைந்தாலும் கூப்பிடுவதில்லை, நானாகப் போய்ப் பார்த்து மாற்றுகிறேன். முதுகில் புண் வந்திருக்கிறது, அதற்கும் மருந்து போடுகிறேன்.

அவரைத் தனியாகப் பார்த்துப் பேச வேண்டும் என்கிறாய். தாராளமாகப் போ. ரயானுக்குப் போன் செய்ய வேண்டுமா, செய். போலீஸுக்குச் சொல்ல வேண்டுமானாலும் சொல், என்ன சொல்வாய்? கஞ்சி கொடுத்தாள் என்றா? கதவை மட்டும் சாத்தாதே. நானும் கூடவே வருகிறேன். ஆனால் அவர் உன்னிடம் பேசுவார் என்று நினைக்காதே. நான் கட்டில் பக்கம் போனாலே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார், பகலாக இருந்தாலும் சரி. இந்த வயதில் ஒரு மனிதனுக்கு நினைத்த நேரத்தில் அப்படித் தூக்கம் வருவதென்றால், அது பெரிய கொடுப்பினை.