குருவம்மாவின் மாட்டுமுதுகுப் போர்வை

மலையில் புலி உலவிய காலம். ஊருக்குச் சாலை வராத காலம். அந்தக் காலத்தில் மேற்கு மலையடிவாரத்தில் மூங்கிலோடை, மூங்கிலோடை என்று ஒரு ஊர் இருந்ததாம். ஊரே மாட்டை நம்பித்தான் இருந்ததாம். ஆம்பளைகள் மாட்டை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போவார்களாம். மேலே முள்வேலி போட்ட தொழுவில் மாட்டை அடைத்துவிட்டு அங்கேயே படுப்பார்களாம். குளிர் என்றால் சும்மா குளிரா? வாயைத் திறந்து பேசினால் பேச்சு பாதியில் உறைந்து நிற்கிற குளிர்.

அந்தக் குளிருக்கு ஊர்ப் பொம்பளைகள் தைத்ததுதான் ஒட்டுப்போர்வை. பழைய சேலை, நைந்த வேட்டி, கிழிந்த துண்டு எல்லாவற்றையும் வெட்டி, ஒன்றோடு ஒன்று ஒட்டுப் போட்டு, அடுக்கி வைத்து, நெருக்க நெருக்கத் தையல் ஓட்டினால் ஒரு போர்வை. போர்த்திக்கொண்டு படுத்தால் எழுப்ப ஆள் விட வேண்டும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கை உண்டாம். மொக்கத்தாயி வீட்டுப் போர்வை, பாத்தி கட்டின மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். ஊர்த்தலைவர் சடைமாயன் வீட்டுப் போர்வை, கிணற்றை எட்டிப் பார்த்த மாதிரி வட்டத்துக்குள் வட்டமாக இருக்கும். மாமியார் போட்டதை மருமகள் போடுவாள், அவள் போட்டதை அவள் மருமகள் போடுவாள். மாற்றிப் போட்டால் மாமியார் வாயில் அன்றைக்கு முழுக்க நிற்கவேண்டியதுதான்.

மழை ஓய்ந்ததும் ஊருக்கு மேற்கே கிடக்கிற பெரும்பாறையில் எல்லாப் போர்வையையும் துவைத்து விரிப்பார்கள். அதற்குப் பாறையேத்தம் என்று பேர். ஊரே கூடி நின்று, "இது யாரு கை?" என்று கேட்கும். "இன்னாரு கை" என்று பதில் வந்துவிட்டால் அவள் ஊரில் ஒரு ஆள். அவள் பேச்சு சபையில் ஏறும். பாறையில் போர்வை ஏறாதவள் வாயைத் திறந்தால், "நீ சும்மா இரு"தான்.

மொக்கத்தாயிக்கு ஒரு மருமகள் இருந்தாளாம். குருவம்மா, குருவம்மா என்று பேர். அவள் ஒரு குரங்கு. நான் சொல்லவில்லை, அவள் மாமியார் சொன்னது. யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுவாளாம். சபையில் சடைமாயன் "க்கும்" என்று தொண்டையைச் செருமினால், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து இன்னொரு "க்கும்" வருமாம். எது தலைவர் செருமியது, எது குருவம்மா செருமியது என்று அவர் பெண்டாட்டிக்கே தெரியாதாம்.

வாய் மட்டும் இல்லை, கையும் அப்படித்தான். யார் போர்வையையும் ஒரு பார்வை பார்த்தால் போதும். அவள் ஊசி அந்த வீட்டு ஊசியாக மாறிவிடும்.

அவள் புருசன் மாசானம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். குருவம்மாவுக்கு வெள்ளைச்சேலை வந்தது. கூடவே ஊர்க் கட்டும் வந்தது. தாலி அறுத்தவள் கை பட்ட போர்வை பாறை ஏறக்கூடாது. ஏறினால் தொழுவுக்குப் புலி வரும். அப்படி ஒரு கட்டாம். யார் போட்ட கட்டு, எந்தப் புலி வந்து சொல்லிவிட்டுப் போச்சு, யாருக்கும் தெரியாதாம்.

ஆனால் கேளுங்கள் வேடிக்கையை. கட்டுப் போட்ட ஊர்தான் அவள் வீட்டுக் கொல்லைவழியாக வந்தது. முதலில் வந்தவள் தலைவர் பெண்டாட்டி அங்கம்மா. அவளுக்கு மூச்சு முன்னால் வரும், பேச்சு பின்னால் வரும்.

"ஹூ... ஹூ... ஏத்தா குருவம்மா, எனக்கு... ஹூ... கண்ணு மங்கிப்போச்சு. எங்க வீட்டு வட்டத்தைப் போட்டுக் குடுத்துரு. ஒருத்தருட்டயும் மூச்சு விட்றாத, என்னங்கிற?"

அடுத்து வந்தவள் நாச்சம்மா. அவளுக்குப் பேச்சு வாய்வழி வராது, மூக்குவழிதான் வரும். "எங்களுக்கு ங்ஙேரமே இல்லடி. கொஞ்சம் தச்சுக் குடு, யாருக்கும் தெரிய வேணாம்."

இப்படியே இரண்டு வருசமாக ஒவ்வொருத்தியாக வந்தார்கள். குருவம்மா அங்கம்மாவுக்கு அங்கம்மா கையாகத் தைத்தாள், நாச்சம்மாவுக்கு நாச்சம்மா கையாகத் தைத்தாள். இரண்டாம் வருசப் பாறையேத்தத்தில் அங்கம்மா போர்வையைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்ததாம். "அடேயப்பா, கிணத்துக்குள்ள தண்ணியே தெரியுது!" அங்கம்மாவும் கூசாமல், "என்னமோ, கைக்கு வந்ததைப் போட்டேன்" என்றாளாம்.

கூட்டத்துக்குப் பின்னால் வெள்ளைச்சேலையோடு நின்ற குருவம்மாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மாமியார் காதில், "அத்தை, அது என் கை" என்றாள்.

மொக்கத்தாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒனக்கு ஏதுடி கை? அங்கம்மா கை இருக்கு, நாச்சம்மா கை இருக்கு, என் கைகூட இருக்கு. ஒன் கை எங்க?"

சுருக்கென்றதாம். சிரிப்பு அப்படியே நின்றுபோனதாம்.

வீட்டுக்கு வந்தாள், துணியை எடுத்தாள், ஊசியைக் கோத்தாள். இன்றைக்கு என் கையைப் பார்த்துவிடுகிறேன் என்று உட்கார்ந்தாள். சதுரமாக வெட்டினாள். நாலு ஒட்டு ஓடியதும் பார்த்தால் மொக்கத்தாயி! பிரித்துப் போட்டாள். வளைத்து வெட்டினாள். பார்த்தால் மூச்சு வாங்கிக்கொண்டு அங்கம்மா! அதையும் பிரித்தாள். சாய்த்து வெட்டினாள், அங்கே மூக்கைத் தூக்கிக்கொண்டு நாச்சம்மா. "சீ, போங்கடி எல்லாரும்!" என்று ஊசியை எறிந்தாள். அப்படிக் கத்திய குரல்கூட மாமியார் குரலாக இருந்ததாம். அவளுக்கே பயமாகப் போய்விட்டதாம்.

பனி இறங்கி, வெயில் ஏறி, மறுபடி மழை பிடிக்கிறவரைக்கும் தைக்கிறதும் பிரிக்கிறதுமாகவே இருந்தாளாம்.

ஒருநாள் மாட்டுக்கு உப்புக் கொண்டுபோக ஆள் இல்லை. "ஏ குரங்கே, சும்மாதான இருக்க, நீ போ" என்று மொக்கத்தாயி உப்புமூட்டையைத் தலையில் ஏற்றிவிட்டாள். குருவம்மா மலை ஏறினாள். தொழுவுக்கு மேலே ஒரு பாறையில் மூட்டையை இறக்கிவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தாள். பொழுது சாய்கிற நேரம். மாடெல்லாம் தொழுவுக்குள் வந்து அடைந்துகொண்டிருந்தது.

மாட்டைக் கீழே நின்று பார்த்திருக்கிறாள், பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். மேலேயிருந்து முதுகை மட்டும் பார்த்தது அன்றைக்குத்தானாம்.

சிவப்பில் செவலை, வெளுப்பில் மயிலை, கறுப்பில் காரி, இடையில் புள்ளி. குளிருக்கு ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கிறது. செவலை வயிறு புடைத்த இடத்தில் மயிலை முதுகு உள்வாங்கிக் கொடுக்கிறது. காரி ஒரு எட்டு நகர்ந்தால் சுற்றி நிற்கிற அத்தனையும் ஒரு எட்டு நகர்ந்து கொடுக்கிறது. ஒரு கோடு நேராக இல்லை. ஒரு கட்டம் இல்லை, வட்டம் இல்லை. ஆனால் நடுவில் ஒரு விரல் இடைவெளி இல்லை. முள்வேலி ஓரம் அடித்த மாதிரி சுற்றி வருகிறது.

"இதை எந்த மாமியா தச்சா?" என்று குருவம்மா கேட்டாளாம். கேட்ட குரல் யார் குரல் மாதிரியும் இல்லையாம். கீழே நின்ற மாட்டுக்காரன் ஒருத்தன், "யாரு மேல பேசுறது?" என்று பயந்து கேட்டானாம்.

இறங்கி ஓடி வந்தாள். பானைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த கல்யாணச் சேலையை எடுத்தாள். அறுத்தவள் கொடுத்துவிட வேண்டிய சிவப்புச் சேலை. அவள் கொடுக்கவே இல்லை. அதை வெட்டினாள், செவலை வந்தது. மாசானம் தோளில் போட்ட கறுப்புத் துண்டை வெட்டினாள், காரி வந்தது. உடுத்தியிருந்த வெள்ளைச்சேலை முந்தானையையும் விடவில்லை, கிழித்தாள். மயிலையும் வந்தது.

மொக்கத்தாயி பார்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள். "அடி பாவி, கட்டுன சேலைய வெட்டிட்டியே! என்னடி செய்யப்போற இத வச்சு?"

"பாறையில ஏத்தப்போறேன் அத்தை."

"ஊரைவிட்டே தள்ளி வச்சிருவாக. ஒன் பங்கு மாட்டையும் ஓட்டிட்டுப் போயிருவாக."

"ஓட்டட்டும். கையை ஓட்டிட்டுப் போக முடியாதுல்ல?"

பாறையேத்தம் வந்தது. பாறை முழுக்கப் போர்வை. ஊர் நிமிர்ந்து பார்த்தால் உச்சியில் ஒன்று கிடக்கிறது. கோணலும் மாணலுமாக, மந்தை படுத்த மாதிரி. வெயில் பட்டால் அசைகிற மாதிரி. 

தலைவர் வந்தார். தலைவர் வெறுங்கல்லில் உட்கார மாட்டார். ஒரு போர்வையை நாலாக மடித்துச் சபைக்கல்லில் போட்டால்தான் உட்காருவார். போட்டார்கள், உட்கார்ந்தார், செருமினார்.

"க்கும். உச்சியில கெடக்கிறது யாரு கை?"

"என் கை, மாமா." குருவம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள்.

"க்கும். எறக்கு."

"எறக்க மாட்டேன்."

"அறுத்தவ கை பட்டது பாறை ஏறுனா தொழுவுக்குப் புலி வரும். இன்னைக்கே எறக்குனா ஒனக்கு ஊர் இருக்கு. இல்லைன்னா ஊரும் இல்ல, மாடும் இல்ல."

குருவம்மா மாட்டுக்காரர்கள் பக்கம் திரும்பினாள். "கொழுந்தன்மாரே, போன வருசம் புலி வந்துச்சா?"

"புலியா? ஒரு காட்டுப்பூனைகூட வரல மதினி."

"அதுக்கு முந்தின வருசம்?"

"நாங்க விட்ட கொறட்டைக்கு இருந்த நரியும் ஓடிருச்சு."

சடைமாயன் தொடையைத் தட்டினார். "பின்ன? எந்த அறுத்தவ போர்வை ஏறுச்சு, புலி வர்றதுக்கு?"

"ஏறுச்சு மாமா. இந்தப் பாறையில அம்புட்டும் என் கைதேன்."

"பொய்யி!" என்று நாச்சம்மா மூக்கு முதலில் கத்தியது. அவளைத் தொடர்ந்து எல்லாப் பொம்பளைகளும் கத்தினார்கள். பொய், பொய், பொய்.

குருவம்மா மூக்கை இரண்டு விரலால் பிடித்தாள். "எங்களுக்கு ங்ஙேரமே இல்லடி. கொஞ்சம் தச்சுக் குடு, யாருக்கும் தெரிய வேணாம்." மாட்டுக்காரர்கள் உருண்டு சிரித்தார்கள். நாச்சம்மா அப்படியே தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்தவள், அதற்கு அடுத்தவள். கொல்லைவழி வந்த ஒவ்வொருத்தியையும் கூட்டத்தின் நடுவே வரவழைத்தாள். கடைசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "ஹூ... ஹூ... ஏத்தா குருவம்மா, கண்ணு மங்கிப்போச்சு. ஒருத்தருட்டயும் மூச்சு விட்றாத, என்னங்கிற?"

கூட்டத்தில் ஒருத்தி கெக்கெக்கே என்று சிரித்தாளாம். யார் என்று பார்த்தால் அங்கம்மாவேதான்! அடக்க அடக்க முடியவில்லையாம். "ஹூ... நாந்தேன்... ஹூ... அச்சு அசல் நாந்தேன்! ஆமா, போனேன், கேட்டேன், தச்சுக் குடுத்தா."

சடைமாயனுக்கு முகம் கறுத்தது. அப்போது குருவம்மா பக்கத்தில் வந்து சொன்னாளாம்.

"எந்திரிங்க மாமா."

"என்னாது?"

"நீங்க உக்காந்திருக்கதும் என் கைதேன். எந்திரிங்க."

நெருப்பை மிதித்தவர் மாதிரித் துள்ளி எழுந்தாராம். எழுந்த கோபத்தில், "அப்படின்னா ஒன் கை பட்ட அம்புட்டையும் எறக்கு! ஒண்ணு இருக்கக்கூடாது!" என்றாராம்.

"சரி மாமா."

ஏறினாள். ஒன்று ஒன்றாக உருவி உருவிக் கீழே எறிந்தாள். பாத்தி விழுந்தது, கிணறு விழுந்தது. குவியல் ஆள் உயரத்துக்கு எழுந்தது, பாறை மொட்டையானது. உச்சியில் மாட்டு முதுகு மட்டும் கிடந்தது. அதன் பக்கத்தில் நின்றுகொண்டு கத்தினாளாம்.

"கீழ கெடக்கிறதெல்லாம் உங்களை மாதிரி நான் போட்ட வேசம். வேசத்தைக் கலைச்சுட்டேன், உங்க கட்டுக்கு அது போதும். இது வேசம் இல்ல. இது எறங்காது. இதை எறக்கணும்னா என்னையும் சேத்து எறக்குங்க!"

யாரும் ஏறவில்லை. மாட்டுக்காரர்கள்தான் முணுமுணுத்தார்கள். "போர்வை இல்லாம எவன் மலைக்குப் போறது? மாமா, நீங்களும் எங்ககூட வாங்க. காளைய ஒட்டிப் படுத்துக்கலாம்."

சடைமாயன் செருமினார். 

அங்கம்மா குவியலுக்குப் போனாள். தன் வட்டப் போர்வையை இழுத்துத் தோளில் போட்டாள். ஹூ ஹூ என்று பாறை ஏறினாள். மாட்டு முதுகுக்குப் பக்கத்தில் விரித்துவிட்டு, "இது குருவம்மா கை!" என்று ஊருக்கே கேட்கக் கூவினாள். புருசன் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்து நாச்சம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஏறினாள். "இதுவும் குருவம்மா கைதேன்." அப்புறம் வரிசை.

கடைசியாக மொக்கத்தாயி போனாள், வெறுங்கையோடு. மாட்டு முதுகை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எம்மகன் துண்டு எங்க?"

"நடுவுல அத்தை. காரிக் காளை."

தடவிப் பார்த்தாள். "கோணலா இருக்கு."

"மாடு அப்படித்தேன் நிக்கும்."

"ம். நிக்கட்டும்" என்றாளாம்.

கீழே சடைமாயன் கால் வலித்து உட்காரப் போனார். கல்லில் விரிப்பு இல்லை. அதையும் ஒருத்தி கொண்டுபோய் விரித்துவிட்டாள், குருவம்மா கை என்று பாறையில் காய்ந்துகொண்டிருந்தது. வேறு ஒன்று போடச் சொல்ல வாய் வரவில்லை. வெறுங்கல்லிலேயே உட்கார்ந்தாராம்.

அதற்கப்புறம் மூங்கிலோடையில் யார் போர்வையும் பாறை ஏறலாம் என்று ஆனது. பொம்பளைப் பிள்ளைகள் குருவம்மாவிடம், "எங்களுக்கும் மாட்டு முதுகு போடக் காட்டுங்க" என்று வந்தால், "மாடு நான் பாத்தாச்சு, நீ வேற எதையாச்சும் பாரு" என்று விரட்டிவிடுவாளாம். அதனால்தான் அந்த ஊர்ப் பாறையில் இன்றுவரைக்கும் ஒரு போர்வை மாதிரி இன்னொரு போர்வை கிடையாது. ஒருத்தி எறும்புப் புற்றைப் போடுவாள், ஒருத்தி கல்லில் ஊற்றின தோசையில் பொத்தல் விழுந்ததைப் போடுவாள்.

தலைவர் உட்கார்ந்த அந்தக் கல்லுக்கு 'எந்திரிங்க கல்' என்று பேர் விழுந்துவிட்டது. யார் புதுத் தலைவராக வந்தாலும் அதில் வெறுமனேதான் உட்கார வேண்டும். முதல் நாள் அவர் உட்கார்ந்து ஒரு செருமல் செருமியதும், ஊர்ப் பொம்பளைகள் அத்தனை பேரும் ஒரே குரலில் "எந்திரிங்க மாமா!" என்று கத்துவார்கள். எவ்வளவு பெரிய ஆளானாலும் சரி, மீசை எவ்வளவு பெரிதானாலும் சரி, ஒரு தடவை எழுந்து நின்றுவிட்டுத்தான் மறுபடி உட்கார வேண்டும்.