இருநூற்று நாற்பத்தொன்றாவது சுற்று

உங்கள் அலுவலகக் காப்பி மோசம். போன தடவை விசாரணைக்கு வந்தபோதும் இதே கழுநீரைத்தான் கொடுத்தீர்கள், மரியாதைக்குக் குடித்தேன். இன்று நானாகவே வந்திருக்கிறேன், அதனால் வேண்டாம். உங்கள் விபத்து அறிக்கையைப் படித்தேன். பதினான்கு பக்கத்தில் ஒரு வரி தப்பு. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

நான் லோவல் க்ரைடர். பந்தய ஓட்டுநர் ட்ரெவர் ஹாஸ்டெட்லருக்கு மூன்று பருவமாக ஸ்பாட்டர். அரங்கின் கூரைமேல் நின்று பந்தயம் முழுக்க ரேடியோவில் அவன் காதில் பேசுகிறவன். அந்த வண்டியில் உட்கார்ந்து பட்டைகளை இறுக்கிவிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாது. கண்ணாடியில் தெரிவதெல்லாம் ஒரே நடுக்கம். மணிக்கு இருநூறு மைல் வேகத்தில் பக்கத்தில் எவன் இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள அவனுக்கு நான் ஒருவன்தான் வழி. சக்கரங்களுக்கு மூடி கிடையாது. ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் வண்டி தரையில் இருக்காது. இதெல்லாம் தெரியும் என்று தலையாட்டுகிறீர்கள். தெரிந்தவர்கள் எழுதிய அறிக்கை மாதிரி இல்லை.

மற்ற ஸ்பாட்டர்கள் தொணதொணவென்று பேசிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. ட்ரெவர் வந்த முதல் வாரமே சொல்லிவிட்டேன்.

"இங்க பாரு, பக்கத்துல ஆள் இருந்தாத்தான் நான் வாயத் திறப்பேன். நான் பேசலன்னா வழி காலின்னு அர்த்தம். புரிஞ்சுதா?"

"அவ்வளவுதானா பெருசு? இது பசு மாட்டுக்குக்கூடப் புரியுமே."

பண்ணை வீட்டுப் பிள்ளை, வேறு எதைச் சொல்வான். ஆனால் அந்த விதியை அவன் மீறியதே இல்லை. அதில் ஒன்பது பந்தயம் ஜெயித்தான். கீழே அறுபதாயிரம் பேர் அவன் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். அவர்களுக்குப் பந்தயம் என்றால் வெயில், பீர், எவனாவது சுவரில் மோதுகிறானா என்ற ஆசை. கூரையை எவனும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

கடைசிப் பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பு, நான் பன்றிக்கறி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தான்.

"பெருசு, அடுத்த வருஷம் என் மாமனார் கூரையில நிக்கறேங்கறார். வீட்டு ஆளு, முடியாதுன்னு சொல்ல முடியல."

"அவரு டிராக்டர் விக்கறவராச்சே?"

"அதனால என்ன? மேல நின்னு பாத்துச் சொல்றதுதானே. கண்ணு நல்லா இருந்தாப் போதும். நீங்களும் எத்தன நாளைக்குத்தான் அந்த ஏணியில ஏறி இறங்குவீங்க."

பிறகு ஒரு தொப்பியைக் கொடுத்தான். நினைவுப் பரிசாம். அதில் அவனே கையெழுத்துப் போட்டிருந்தான், என்னவோ நான் வேலிக்கு வெளியே காத்து நிற்கிற ரசிகன் மாதிரி. நான் கோபப்படவில்லை. வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். அளவு சரியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்தெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. முதல் சுற்றிலேயே நான்கு வண்டிகள் காலி. நடுவில் மழை, ஒரு மணி நேரம் பாதையைக் காயவைத்தார்கள். ஆறு தடவை மஞ்சள் கொடி காட்டி வேகத்தைக் குறைக்கவைத்தார்கள். மொத்தம் இருநூற்றைம்பது சுற்று. நான்காவதாக முடித்தாலே அந்த வருஷப் பட்டம் ட்ரெவருக்கு. அவன் மூன்றாவதாக இருந்தான். அவனுக்குப் பின்னால் வென்டிங்.

இருநூற்று நாற்பத்தொன்றாவது சுற்றில் மறுபடி பச்சைக் கொடி காட்டப்போகிறார்கள். வென்டிங்கின் ஸ்பாட்டர் டார்ல் என் பக்கத்தில்தான் நின்றான். தோளில் தட்டினான்.

"லோவல், என் ஆளு மூணாவது வளைவுல உள்பக்கமா வரப் போறான். உன் ஆள்கிட்ட சொல்லி வையி. ரெண்டு பேரும் முட்டிக்கிட்டுச் சாகப் போறானுங்க."

"சொல்றேன்" என்றேன்.

பச்சைக் கொடி விழுந்தது. மூன்றாவது வளைவில் வென்டிங்கின் வண்டி மூக்கு ட்ரெவரின் பின்சக்கரத்துக்கு வந்தது. பிறகு அவன் தோளுக்கு நேரே வந்தது. என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகத் தெரிந்தது. கட்டைவிரல் ரேடியோப் பொத்தான்மேல் இருந்தது. உள்பக்கம் இறங்குவதற்கு முன் ட்ரெவர் அரை மூச்சு நேரம் காத்திருப்பான். அது அவன் வழக்கம், என் குரலுக்கான இடம். அன்றும் காத்திருந்தான். பிறகு இறங்கினான்.

சக்கரத்தின் மேல் சக்கரம் ஏறி அவன் வண்டி வேலிக் கம்பிவரை பறந்தது. நான் ரேடியோப் பெட்டியை உள்ளங்கையால் தட்டி, "கேக்குதா, ட்ரெவர், கேக்குதா" என்று டார்லுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். பதிவில் அந்த மூன்று நொடி வெறுமையாக இருப்பதற்கு மழையில் நனைந்த பெட்டி காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதுங்கள்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அந்த வளைவில் நடந்தது எதுவும் அவன் நினைவிலும் இல்லை.

"பெருசு, உள்ள ஆள் இருக்கான்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அப்போ நான்தான் கேக்கல. எல்லாரையும் கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க."

மன்னித்தேன். அதையே அவன் உங்களிடமும் சொன்னான், நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். நானும் விட்டுவிட்டிருப்பேன். ஆனால் போன வாரம் அந்த டிராக்டர்காரர் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்திருக்கிறார்: கூரையில் அவர் நின்றிருந்தால் மாப்பிள்ளை அவர் பேச்சைக் கேட்டிருப்பாராம். இந்தத் திமிரைப் பொறுத்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதினோராம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி. 'ஓட்டுநரின் கவனக்குறைவு.' அதை அடித்துவிடுங்கள். கடைசி நொடிவரை அவன் என் குரலுக்குத்தான் காது கொடுத்துக்கொண்டிருந்தான். நான்தான் வாயைத் திறக்கவில்லை.