பதினான்கு மூச்சு

விளக்கு எரியட்டும், அணைக்க வேண்டாம். இது ராத்திரி நடந்ததும் இல்லை. பட்டப்பகல் மூன்று மணி... ஆளரவமற்ற மலைச்சாலை. நண்பன் ஒருவனின் சித்தப்பா, மீட்புப் படைக்காரர், வேனை நிறுத்தினார்.

மலை சரிந்து, வீடு இருந்த இடத்தில் சேறு. பச்சை மண் வாடை. ஒரு லாரி டிரைவர் வெறுங்கையால் தோண்டிக்கொண்டிருந்தான். நகமெல்லாம் ரத்தம்.

“அண்ணே... என் பொண்ணு உள்ள இருக்கா. பத்து வயசுண்ணே!”

சித்தப்பாவுக்குத் துணை இரண்டு. ஒன்று, மூக்கன் என்ற நாய். மண்ணுக்கடியில் உயிர் இருந்தால் குரைக்கும். பிணமென்றால் சத்தமில்லாமல் படுத்துவிடும். இன்னொன்று, பெட்டி. திரை வைத்த செயற்கை நுண்ணறிவுக் கருவி. ஆடு, மாடு, நாயையெல்லாம் ஒதுக்கிவிட்டு மனித மூச்சை மட்டும் எண்ணும்.

மூக்கன், புதைந்துபோன காலித் தண்ணீர்த் தொட்டியின் மேல் நின்று குரைத்தது.

பெட்டி சமையலறையைக் காட்டியது. ஆள் ஒன்று. நிமிடத்துக்குப் பதினான்கு மூச்சு.

இருப்பதோ இரண்டே பேர், இரண்டே மண்வெட்டி. சேர்ந்து ஒரே இடத்தில்தான் வெட்ட முடியும்.

“நாய் அங்க கத்துதேண்ணே!”

“நேத்துலேர்ந்து மழையில அலையுதுப்பா. மூக்கு அடைச்சிருக்கும். பெட்டி இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல. இங்க வெட்டு!”

வெட்டினார்கள். சளக்... சளக்... மூக்கன் தொண்டை கிழியக் கத்தியது. ஓடி வந்து சித்தப்பாவின் சட்டையைக் கவ்வி இழுத்தது. எட்டி உதைத்தார். ஆறு வருஷத்தில் முதல் உதை.

“பதினாலு... இன்னும் பதினாலு... மூச்சு இருக்குடா, விடாதே!”

முக்கால் மணி நேரம். கதவு தட்டுப்பட்டது. உடைத்தார்கள்.

உள்ளே சேறு இல்லை. ஆளும் இல்லை. கவிழ்த்து வைத்த பாத்திரங்கள்... காய்ந்த தரை. திரையில் மட்டும் அதே பதினான்கு.

அப்போதுதான் உறைத்தது. குரைப்பு நின்றுபோயிருந்தது.

தொட்டியின் மேல் மூக்கன் படுத்திருந்தது.

டிரைவர் விழுந்தடித்து ஓடினான். இரண்டடி மண்தான். மூடியைத் திறந்தால் பிள்ளை சுருண்டு கிடந்தாள். உடம்பில் சூடு இருந்தது... மூச்சு இல்லை.

“நாய் சொன்னிச்சேண்ணே...”

பிள்ளையை அள்ளி மடியில் போட்டுக்கொண்டான்.

இருட்டுமுன் சித்தப்பா மலையிறங்கினார். வேனில் அவரும் மூக்கனும்தான். அணைத்து வைத்த பெட்டி தானாக ஒளிர்ந்தது. ஆள் ஒன்று. பதினான்கு மூச்சு.

‘நான்தானே...’ என்று நினைத்தார். வண்டியை ஓரங்கட்டி மூச்சை அடக்கினார்.

திரையில் கோடு ஏறியது... இறங்கியது... ஏறியது.

மூக்கன் எழுந்தது. பக்கத்துக் காலி இருக்கையை முகர்ந்தது. குரைக்கவில்லை.

மெல்ல... அதன் எதிரே படுத்துக்கொண்டது.